ராகுகாலத்துக்குள் ஒரு மெட்ராஸ் பயணம்

திருச்சியிலிருந்து மெட்ராசுக்கு ரயிலில் போனால் ஒரு ராத்திரி முழுக்க வேண்டும். விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. எண்பதுகளின் தொடக்கத்தில் முதலாளி இதைப் பெருமையாகச் சொன்னபோது எனக்கு ஒரே ஒரு கேள்விதான் வந்தது. அவ்வளவு தூரத்தை அவ்வளவு சீக்கிரம் கடக்கிற சாமான், கீழே விழுவதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளும்?

அரியமங்கலத்தில் இரும்பு வால்வு செய்யும் கம்பெனி எங்களுடையது. மெட்ராசில் கிளை திறப்பதாக இருந்தார்கள். வெள்ளிக்கிழமை அங்கே போய் வாடிக்கையாளர்களிடம் பேசி வருபவனுக்கே கிளை மேனேஜர் வேலை என்று சொல்லி, முதலாளி டிக்கெட்டை என் கையில் கொடுத்தார்.

பயத்தை ஒரே ஒருவனிடம்தான் சொன்னேன். பக்கத்து மேசைக்காரன், பல வருஷச் சிநேகிதன். அவன் சுவர்க் காலண்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"பிளேன் பத்தரைக்குடா. வெள்ளிக்கிழமை ராகுகாலமும் பத்தரைக்கு. ரயில்ல போனா ராகுகாலம் ஒரு ஓரமா வந்துட்டுப் போயிடும். இதுல ஏறி இறங்கறதே அதுக்குள்ள முடிஞ்சுடுதே!"

வழியும் அவனே சொன்னான்: பரஸ்தானம். நல்ல நேரத்தில் பையை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. அவன் வீடு ஏர்போர்ட் போகிற வழியில்தான்.

"முதல் நாளே வச்சுடு. டிக்கெட்டும் பைக்குள்ளயே இருக்கணும். இல்லேன்னா பலிக்காது."

வைத்தேன். மறுநாள் காலை ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் மாறிப் போனால், அவன் வீடு பூட்டியிருந்தது. "அவரு பையோட ஏர்போர்ட்டுக்குப் போயிட்டாருங்களே" என்றார் பக்கத்து வீட்டம்மா. நான் சிரமப்படக் கூடாதென்று தானே தூக்கிக்கொண்டு போயிருக்கிறான் என்று கண் கலங்கிப்போனேன். அப்படியொரு கழுதை நான்.

ஏர்போர்ட் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். விமானத்தின் படிக்கட்டில் அவன் ஏறிக்கொண்டிருந்தான், இஸ்திரி போட்ட சட்டையோடு, என் பையோடு. "டேய்!" என்று கத்தினேன். திரும்பி, கையை ஆட்டினான்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: முதலில் எனக்கு வந்தது கோபம் இல்லை. காலையிலிருந்து ஆடிக்கொண்டிருந்த முழங்கால் சட்டென்று நின்றுவிட்டது. கோபம் திரும்புகிற பஸ்ஸில்தான் வந்தது, உட்கார இடம் கிடைத்த பிறகு.

வாசலில் மனைவி வியந்துபோனாள். "என்னங்க, அதுக்குள்ள மெட்ராஸ் போயிட்டு வந்துட்டீங்களா? பிளேன்னா பிளேன்தான்!"

திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டார். "உனக்குப் பிளேன்னா நடுக்கம்னு வியாழக்கிழமையே அவன் வந்து சொன்னான். என்கிட்ட நீயே சொல்லியிருக்கலாமே? நல்லவேளை, நான் போறேன்னான்."

கிளை மேனேஜர் வேலை அவனுக்கு.

மேசையைக் காலி செய்யும்போது என் தோளில் கைபோட்டான். "உன் நல்லதுக்குத்தான்டா. நீ எப்படியும் ஏறியிருக்க மாட்டே."

ஏறியிருப்பேனா என்று எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே சந்தர்ப்பத்தையும் அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"மெட்ராஸ் வந்தா வீட்டுக்கு வாடா" என்றான்.

"வரேன், நடந்து" என்றேன். ஆபீசே சிரித்தது. அவனும் சிரித்தான். அதற்கப்புறம் எத்தனையோ தடவை மெட்ராஸ் போயிருக்கிறேன்; அவன் வீடு எந்தத் தெரு என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.