பாக்கியத்தின் படுக்கை விரிப்புகள்

2023 நவம்பர் 4 — ரூ. 168,500
நவம்பர் 27 — ரூ. 3,500
டிசம்பர் 6 — ரூ. 4,200
டிசம்பர் 14 — ரூ. 4,200
டிசம்பர் 19 — இல்லை
டிசம்பர் 28 — இல்லை

முதல் தொகை, லிங்கநகரில் என் பக்கத்து வீட்டுக்காரர் குலசிங்கம் வாங்கிய உடுப்பு உலர்த்தும் மிசினின் விலை. அடுத்த மூன்றும் அதைத் திருத்த வந்த கிண்ணியா றஊபின் கூலி. கடைசி இரண்டு நாட்களும் றஊப் வந்தார், காசு வாங்கவில்லை.

குலசிங்கம் மூதூருக்குப் போகும் லோஞ்ச் படகில் ரிக்கற் கொடுத்தே ஓய்வுபெற்றவர். மனைவி பாக்கியரத்தினம் பாரிசவாதத்தில் விழுந்து இரண்டு வருடம். வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாளைக்கு நாலு விரிப்பு மாற்றவேண்டும். மாரி மழையில் அவை காயாது. ஈரத்தில் கிடந்தால் முதுகு புண்ணாகிவிடும் என்று தாதி சொல்லியிருந்தார். கனடாவிலிருக்கும் மகள் சோபனா மட்டக்களப்பில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் கேட்டு வைத்தாள். மிசின் ஓடினால் தாய் வீட்டில், ஓடாவிட்டால் இல்லத்தில் என்பது தகப்பனும் மகளும் பேசிக்கொண்ட ஏற்பாடு. டிசம்பர் 31 வரை இடம் காத்திருக்கும் என்று இல்லம் எழுதியது.

மூன்று கிழமை மிசின் நன்றாக ஓடியது. பிறகு உருளை சுற்றியது, சூடு வரவில்லை.

றஊப் பின்பக்கக் குழாயைக் கழற்றிப் பஞ்சை வாரினார். ஓடியது. மறுபடி நின்றது. சூடு மிஞ்சினால் அறுந்துபோகும் பியூஸ் போயிருந்தது, புதிது போட்டார். எட்டாம் நாள் அதுவும் போனது, இன்னொன்று போட்டார்.

"ஐயா, பஞ்சு பிடிக்கிற வலையைத் துடைக்கிறீங்களா?"

"ஒவ்வொருக்காலும் துடைக்கிறனான். அண்ணையைக் கேளும்."

நானும் பார்த்திருக்கிறேன். வலை பளிச்சென்று இருந்தது.

"காய்ச்சல் வரவேண்டியது மிசினுக்கு," என்றார் பாக்கியம் கட்டிலிலிருந்து. "வந்திருக்கிறது இந்த மனுசனுக்கு."

மின்சாரமா, கடற்காற்றா, ஏமாற்றிவிட்ட கடையா என்று மூவரும் மாறிமாறிச் சந்தேகப்பட்டோம். காரணம் கிடைக்கவில்லை. குலசிங்கம் விரிப்புகளைக் குசினிக்குக் கொண்டுபோய், அடுப்பு அனலில் பிடித்துக்கொண்டு நின்றார்.

பத்தொன்பதாம் திகதி புதுப் பியூஸும் போய்விட, றஊப் வலையை உருவிக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு மிசினுக்குள் தலையை விட்டிருந்தார். பாக்கியம் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் கை தடுமாறி வலையில் சிந்தியது.

"இஞ்சாருங்கோ, தண்ணி கீழ போகேல்லை. சேம்பிலையில நிக்கிறமாதிரி நிக்குது."

றஊப் வலையை எடுத்து முகர்ந்தார். "இதுல என்ன பூசினீங்க?"

"ஒண்டும் பூசேல்லை."

"மணக்குதே."

சோபனா ஒரு பெட்டி நிறைய வாசத்துணி அனுப்பியிருந்தாள். கடதாசிபோல மெல்லியவை; ஈர உடுப்போடு ஒன்று போட்டால் மணக்கும். பாக்கியத்துக்கு மருந்து நாற்றம் பிடிக்காது என்று குலசிங்கம் மூன்று மூன்றாகப் போட்டிருக்கிறார். அதிலுள்ள மெழுகு சூட்டில் இளகி, கண்ணுக்குத் தெரியாமல் வலையை அடைத்திருக்கவேண்டும் என்றார் றஊப். காற்றுப் போக வழியில்லாமல் சூடு மிஞ்சி, பியூஸ் அறுந்திருக்கிறது. சவர்க்காரமும் பழைய பல்துலக்கியும் போட்டுத் தேய்த்தோம். தண்ணீர் வலைக்குள்ளால் இறங்கியது. றஊப் தன் பையில் கிடந்த ஒரு பியூஸைப் போட்டுவிட்டார். விரிப்பு காய்ந்தது.

மறுநாள் குலசிங்கம் சொல்ல, இடம் வேண்டாமென்று இல்லத்துக்கு நான் கடிதம் எழுதினேன். அவர் கையொப்பம் வைத்தார்.

இருபத்தெட்டாம் திகதி மிசின் திரும்பவும் நின்றது. வலையில் தண்ணீர் ஊற்றினோம், இறங்கியது. பியூஸும் சரி. குழாயும் சரி. றஊப் மூடியைத் திறந்து மூடினார். ஓடத் தொடங்கியது.

"நான் ஒண்டும் செய்யல்ல ஐயா. என்னத்துக்குக் காசு?"

அவர் போனபின் குலசிங்கம் என் கதிரைக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணை, அந்தக் கடிதத்தைத் திருப்பி எடுக்க ஏலுமோ?"

"மிசின் நிண்டால் என்னை அனுப்பிப்போடுவியளோ?" என்று உள்ளேயிருந்து பாக்கியம் கேட்டார்.

"ஆர் அனுப்பிறது? சும்மா கேட்டனான்."

"சும்மா கேக்கிறதுக்கு ஏன் காதுக்குள்ள கேக்கிறியள்?"

குலசிங்கம் உலர்ந்த விரிப்பை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். அன்று மிசின் ஏன் நின்றது, ஏன் ஓடியது என்று இன்றுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இல்லத்துக்குத் திரும்ப எழுதுவதா என்று அவர் பொங்கல் கிட்டும்வரை என்னைக் கேட்டுக்கொண்டேயிருந்தார். நானும் ஒருநாள் ஓம் என்றேன், ஒருநாள் வேண்டாமென்றேன். நாங்கள் ஒன்றும் எழுத முன்பே, அந்த இடம் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது, இனி இவ்வருடம் இடமில்லை என்ற இல்லத்தின் கடைசிக் கடிதம் வந்தது 2024 ஜனவரி 11, வியாழக்கிழமை.