கால் வலிக்கு வாங்கிய தொட்டி

பிள்ளைகளே, நான் திருச்சி–துறையூர் பஸ்ஸில் கண்டக்டர். நாள் முழுக்க நின்றுவிட்டு ஸ்ரீரங்கத்தில் வீடு வந்து சேரும்போது, கால் இரண்டும் என்னுடையவை போலவே இருக்காது.

பஸ் ஸ்டாண்டில் ஒருவர் பிளாஸ்டிக் தொட்டி விற்றார். பாதத்தை வருடிவிட அதன் அடியில் முத்து முத்தாகப் புடைப்புகள். "வெந்நீர் ஊத்தி காலை வைங்கண்ணே, வலி பஸ் ஏறிப் போயிடும்" என்றார். விலையும் மலிவு. வாங்கிவிட்டேன்.

அன்று மாலையே கல்லுப்புப் போட்டுக் காலை வைத்தேன். சூடே தெரியவில்லை. "இன்னும் ஊத்தும்மா" என்று மூன்று தடவை கேட்டேன். "என்ன, எருமைத் தோலா உங்களுக்கு?" என்று சிரித்துக்கொண்டே ஊற்றினாள் என் மனைவி.

மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் செல்வி, புடைப்பைத் தொட்டுப் பார்க்க விரலை விட்டாள். "ஐயோ, கொதிக்குதுப்பா! காலை எடுங்க!" என்று அலறினாள். எடுத்துப் பார்த்தால் பாதமெல்லாம் கொப்புளம். எனக்கு வலிக்கவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

புத்தூரில் டாக்டர் ரத்தம் சோதித்துவிட்டு, "சர்க்கரை வியாதிங்க. பாதம் மரத்துப்போயிருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிருந்தீங்கன்னா காலுக்கே ஆபத்து" என்றார். நானோ இத்தனை நாளும் நின்ற அசதி என்றே நினைத்திருந்தேன். அசந்து உட்காரும் உங்கள் அப்பாவின் பாதத்தையும் ஒரு தடவை பாருங்கள்.

இப்போது தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர்தான். செல்வி முழங்கையை நனைத்துப் பார்ப்பாள். பிறகு, பஸ்ஸைக் கிளப்ப நான் ஊதுவது போலவே, என் விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதுவாள். அதற்குப் பிறகுதான் என் கால் உள்ளே போகும்.