ஆப்பிரிக்காவைக் கூறு வைத்த நாள்

அந்த வகுப்பறையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கொட்டாவி வருகிறது. குறையாகச் சொல்லவில்லை. மாடியில் இருந்த அறை அது. மேற்கே இரண்டு ஜன்னல், கிழக்கே மூன்று ஜன்னல். ஆடி மாதத்துக் கச்சான் காற்று மேற்கிலிருந்து மணலோடு நுழைந்து, கிழக்கு வழியாகக் கடலுக்குப் போய்விடும். போகிற போக்கில் சுவரில் தொங்கும் உலகப் படத்தை ஒரு தூக்குத் தூக்கும். கண்டங்கள் எல்லாம் சுவரை விட்டு எழும்பி, கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்று, மெல்ல இறங்கும். பகல் இரண்டு மணிக்கு அங்கே ஐந்தாம் பாரத்துக்கு, இன்றைய கணக்கில் பத்தாம் வகுப்புக்கு, உலக வரலாறு. சாப்பிட்ட வயிற்றோடு, தூத்துக்குடி வெயிலில், எந்த ராஜ்யம் எழுந்தால் என்ன, விழுந்தால் என்ன?

நைல் நதி என்று சொல்லிக்கொண்டே ஜன்னலைப் பார்ப்பேன். ஓட்டுக் கூரைகளுக்கு மேலே ஒரு விரற்கடை அகலத்துக்குக் கடல் தெரியும். காற்று அடங்கிய மாதங்களில் கொழும்புக்குப் போகிற தோணிகள் அங்கே பாய் விரித்தபடி நிற்கும். நகர்கிறதா என்று உற்றுப் பார்த்தால் நகராது. ஒரு நூற்றாண்டை நடத்திவிட்டுத் திரும்பினால் ஒன்றையும் காணாது. நான் நடத்தியது எவ்வளவு, கண் திறந்தபடி கனவு கண்டது எவ்வளவு என்று அப்போதும் எனக்குத் தெரியாது. பிள்ளைகளும் கேட்டதில்லை. அவர்களும் பாதி உறக்கம்தானே.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழு. எனக்கு இருபத்திரண்டு வயது. சாத்தான்குளத்துப் பக்கம் பனங்காட்டு ஊர் ஒன்றில் மிஷன் பள்ளித் தலைமையாசிரியரின் மகள். தூத்துக்குடிக்கு வரும்வரை கடலை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் எனக்குக் கிடைத்தது தற்காலிக வேலை. அப்பா ஒரு வருஷம் தவணை கொடுத்திருந்தார். வேலை நிலைத்தால் அங்கேயே இருக்கலாம். நிலைக்காவிட்டால் ஊருக்கு வந்து, அவர்கள் பார்த்து வைத்திருக்கிற மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளை நல்லவர்தான். அவர் நல்லவர் என்பதை எல்லோரும் அடிக்கடி சொன்னதே எனக்கு அலுப்பாக இருந்தது. எனக்கு அந்த மாடி அறை வேண்டும். மாதம் முதல் தேதி என் பெயருக்கு ஒரு சம்பளம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாரும் எழுப்பாமல் தூங்க வேண்டும். வேறு எதையும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

தவணை முடிகிற நேரத்தில் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். "வியாழக்கிழமை இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வாராங்க. ஒங்க கிளாஸுலதான் உக்காருவாங்க. அவங்க எழுதுற ஒரு வரியிலதான் ஒங்க வேலை இருக்கு, பாத்துக்கிடுங்க" என்றார்.

பார்த்துக்கொண்டேன். ஆப்பிரிக்காவை ஐரோப்பிய வல்லரசுகள் பங்கு போட்ட பாடத்தை எடுத்தேன். புத்தகத்தில் அது ஆறே வரி. ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, சண்டை சச்சரவு இல்லாமல் பேசி முடித்துக்கொண்டார்கள் என்று இருக்கும். அதை வாசித்துக் காட்டினால் இன்ஸ்பெக்ட்ரஸும் தூங்கிவிடுவார். நாடகமாகப் போட்டால்? இந்த யோசனை வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு ராத்திரி உட்கார்ந்து, பெட்டி அட்டைகளை ஒட்டி, கோரைப்பாயில் பாதி அளவுக்கு ஒரு ஆப்பிரிக்கா செய்தேன். பாலைவனத்துக்கு மஞ்சள் கரைத்துத் தடவினேன். ஆறுகளுக்குத் துணிக்குப் போடுகிற நீலம். காடுகளுக்கு முருங்கையிலைச் சாறு. அட்டையை நான் தங்கியிருந்த அறையின் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் படுத்தால், விளக்கை அணைத்த பிறகும் அந்த மஞ்சள் மட்டும் மங்கலாகத் தெரியும். அதைப் பார்த்தபடியே தூங்கிப்போவேன்.

ஐந்து நாடுகளுக்கு ஐந்து பிள்ளைகள் வேண்டும். கடற்கரைக் கத்தோலிக்கப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் போர்த்துக்கல்தான் வேண்டும். அவர்களுடைய முன்னோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் போர்த்துக்கீசியர்; வீட்டுப் பெயரிலும் கோயில் பாட்டிலும் போர்த்துக்கல் ஒட்டிக்கொண்டிருக்கும்போது வேறு நாட்டை யார் கேட்பார்கள்? சீட்டுப் போட்டுத்தான் தீர்த்தேன். ஜெர்மனியை யாரும் தொடவில்லை. யுத்தம் முடிந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. கடைசியில், எதைக் கொடுத்தாலும் சரியென்று வாங்கிக்கொள்கிற மூன்றாம் பெஞ்சுப் பிள்ளை ஒருத்தியின் தலையில் அதைக் கட்டினேன். சங்கு குளிக்கிறவரின் மகள். ஆப்பிரிக்காவைப் பங்கு போட்ட அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் ஜெர்மனிதான் என்பதால் வெட்டுகிற கத்தரிக்கோலும் அவள் கைக்குப் போனது.

வசனத்தை மூன்று முறை ஒத்திகை பார்த்தோம். வெட்டுகிற இடத்தை மட்டும் பார்க்கவில்லை. அட்டை ஒன்றுதான். ஒத்திகையில் வெட்டிவிட்டால் வியாழக்கிழமைக்கு வேறு ஆப்பிரிக்காவுக்கு எங்கே போவது?

வியாழக்கிழமை காலை ஆசிரியர் அறையில் எல்லோரும் பத்திரிகை மேல் குனிந்திருந்தார்கள். பஞ்சாபிலும் வங்காளத்திலும் எங்கே கோடு விழும் என்று பேச்சு. எனக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. என் கவலை எனக்கு. இரண்டு மணிக்கு இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, கறுப்புக் கைப்பை, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். தலைமையாசிரியை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார்.

காகிதக் கிரீடத்தோடு ஐந்து ராஜ்யங்களும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தன. வசனம் எல்லாம் சுத்தமாக வந்தது. பிறகு ஜெர்மனி எழுந்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள். வெட்டவில்லை. என்னிடம் திரும்பி, "டீச்சர், இந்த மஞ்சள் பூரா மணலுதானே? தண்ணி இந்த நீலம் மட்டுந்தானா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

அட்டையைச் சாண் போட்டு அளந்தாள். ஒவ்வொரு துண்டுக்கும் கொஞ்சம் கரை, கொஞ்சம் ஆறு, கொஞ்சம் மணல் வருகிற மாதிரி, நாக்கைக் கடித்துக்கொண்டு, வளைத்து வளைத்து வெட்டினாள். காய்ந்துபோன முருங்கையிலைச் சாறு பொடியாக உதிர்ந்து காற்றில் பறந்தது. அட்டை அறுபடுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. எவ்வளவு நேரம் வெட்டினாள் என்று சொல்லத் தெரியவில்லை. அந்தப் பகல் அங்கேயே நின்றுவிட்டதாக எனக்குத் தோன்றியது. ஐந்து துண்டுகளையும் மேஜைமேல் இடம் விட்டு விட்டு வைத்தாள். தள்ளி நின்று பார்த்தாள். ஒன்றிலிருந்து கொஞ்சம் மணலை நறுக்கி இன்னொன்றோடு சேர்த்தாள். அப்புறம் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கடற்கரைப் பிள்ளைகளுக்குப் புரிந்திருந்தது. அவர்கள் எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். யாரோ வர வேண்டியவர் படியேறி வந்துகொண்டிருப்பதுபோல் அவ்வளவு நிச்சயமாகப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாகூடத் திரும்பிப் பார்த்தார். வாசலில் வெயிலும் மணலும்தான் இருந்தன.

"அந்தப் பொண்ணு ஏன் திரும்பி நிக்குது?" என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா.

சுவரைப் பார்த்தபடியே பதில் வந்தது. "கூறு வச்சவ எடுக்கக்கூடாதுல்லாம்மா. பாக்கவுங் கூடாது."

"யார் சொன்னா?"

"எங்க அப்பா. முன்னால முத்துக்குளி நடந்தப்போ, தோணில வந்த சிப்பிய மூணு கூறா வைப்பாங்களாம். குளிச்சவங்கதான் வைக்கணும். வச்சிட்டு நகந்துரணும். சர்க்கார் ஆளு வந்து எந்த ரெண்டுன்னு கையக் காட்டுவாரு. மிச்சம் ஒண்ணு குளிச்சவங்களுக்கு. எது நமக்குன்னு தெரியாதுல்லா, அதனால ஒருத்தரும் கள்ளக்கூறு வைக்க மாட்டாங்க. வீட்டுல மீனு பங்கு வச்சாக்கூட எங்கம்மா திரும்பித்தான் நிப்பாங்க."

சொல்லிவிட்டுத் தலையை மட்டும் திருப்பி இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவைப் பார்த்தாள். அந்த அறையில் சர்க்கார் ஆள் அவர் ஒருவர்தான்.

"நான் எதுக்கும்மா எடுக்கணும்? அது என்ன என் ஊரா?" என்று கேட்டார் அவர். இப்போது கொஞ்சம் சிரித்தார்.

"அப்ப அந்த ஊர்க்காரங்க வரட்டும்" என்றாள் அவள்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா என் பக்கம் திரும்பினார். "ஊர்க்காரங்களா யாரை நிறுத்தியிருக்கீங்க?"

யாரையும் நிறுத்தவில்லை. வகுப்பில் முப்பத்துமூன்று பிள்ளைகள். ஐந்து பேர் ராஜ்யம். மிச்சம் இருபத்தெட்டுப் பேரைக் கை தட்ட வைத்திருந்தேன். இரண்டு ராத்திரி கண் விழித்து ஆற்றுக்கும் மணலுக்கும் சாயம் பூசினவளுக்கு, ஆப்பிரிக்காவுக்கென்று ஒரு முக்காலி போடத் தோன்றவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

"சரி, புத்தகத்துல உள்ளபடி முடிங்க. நேரமாகுது" என்று அவர் பேனாவைத் திறந்தார்.

அந்தப் பிள்ளை செய்ததுதான் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை என் வாயிலேயே இருந்தது. சொன்னால் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்காக மாடி அறையை விட முடியுமா? தலைமையாசிரியை என்னை முறைத்துக்கொண்டிருந்தார். நல்லவரான மாப்பிள்ளை நினைவுக்கு வந்தார். நான் போய் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

"ஏளா, திரும்பு. நீதான் தலைவரு. நீயே மொதல்ல எடு."

"அது பாவம் டீச்சர்" என்றாள் மெதுவாக.

"நாடகந்தான. எடு."

கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினாள். நடுவில் பெரிய ஆறு ஓடுகிற துண்டு கையில் வந்தது. வரலாற்றில் ஜெர்மனிக்குக் கிடைக்காத இடம் அது. அதை யார் கவனித்தார்கள்? மற்ற நாலு பேரும் சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு துண்டைத் தூக்கினார்கள். போர்த்துக்கல் தன் துண்டைத் தலைக்குமேல் வைத்து ஆட்டினாள். இருபத்தெட்டுப் பேரும் கை தட்டினார்கள். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா ஒரு வரி எழுதினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலைமையாசிரியை சொன்னார். வகுப்பு ஒழுங்காக இருந்தது, ஆசிரியை பாடத்தைத் தடம் மாறாமல் நடத்துகிறார், இவரை நிரந்தரமாக்கலாம் என்று எழுதியிருக்கிறார்களாம். அப்பாவுக்கு அன்றைக்கே ஒரு கார்டு போட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்து, பகல் முழுக்கத் தூங்கினேன். யாரும் எழுப்பவில்லை. தூக்கத்தில் அட்டைத் துண்டுகள் ஐந்தும் பாய் விரித்துக்கொண்டு, கூரைகளுக்கு மேலே தெரிகிற அந்தக் கடலில் போய்க்கொண்டிருந்தன. அழகாகத்தான் இருந்தது. நான் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைத்து என்ன?

திங்கட்கிழமை முதல் மணிக்கு முன்னால் அவள் மாடிக்கு வந்தாள். தாவணிக்குள் எதையோ ஒளித்து வைத்திருந்தாள்.

"டீச்சர், சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன்."

"நல்லதுதான."

"கூறு வச்சிட்டு நானே எடுத்துட்டேன்னு பங்குச் சாமிகிட்டச் சொன்னேன். என்னத்தன்னு கேட்டாரு. ஆப்பிரிக்கான்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். "சாமி என்ன சொன்னாரு?"

"ஆப்பிரிக்காவான்னு ரெண்டு தடவ கேட்டாரு டீச்சர். அப்பறம் மூணு நாள் செபமாலை சொல்லச் சொன்னாரு. எடுத்தது எதுன்னாலும் உடையவங்ககிட்டத் திருப்பிக் குடுத்திருன்னாரு." தாவணிக்குள்ளிருந்து ஆறு ஓடுகிற அந்த அட்டைத் துண்டை எடுத்தாள். மடங்காமல், ஓரம் கிழியாமல் வைத்திருந்தாள். மஞ்சள் கொஞ்சம் உதிர்ந்திருந்தது, நீலம் அப்படியே இருந்தது.

நான் கையை நீட்டினேன். "எங்கிட்டக் குடு, நான் பாத்துக்கிடுதேன்."

அவள் அட்டையைத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "நீங்கதான டீச்சர் எடுக்கச் சொன்னது?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கு இடிக்கிறதே என்று கேட்கிற மாதிரிதான் சொன்னாள். பிறகு நோட்டைப் பிரித்து, பென்சிலை எடுத்துக்கொண்டாள்.

"அங்கன உள்ளவங்க ஒருத்தர் பேரு சொல்லுங்க. இத யாருகிட்டத் திருப்பிக் குடுக்கணும்னு அவங்களுக்கு எழுதிக் கேக்குதேன்."

எனக்கு அந்த ஆற்றில் படகு விட்ட வெள்ளைக்காரர்களின் பெயர் தெரியும். அருவிகளுக்கும் ஏரிகளுக்கும் எந்த ராணியின் பெயரை வைத்தார்கள் என்று தெரியும். எந்தெந்தக் கவர்னர் எந்தெந்த வருஷம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அவள் கேட்டது அந்த மண்ணில் பிறந்த ஒரே ஒரு ஆளின் பெயர். உலக வரலாற்று ஆசிரியையாக நிரந்தரமாகப் போகிறவள் நான். எனக்கு ஒரு பெயரும் தெரியவில்லை.

"சொல்லுங்க டீச்சர்" என்று பென்சிலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.