உடைமரத்தில் தொங்கிய சாவி

பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு மைல் வந்திருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. சட்டைக்குள் என் நெஞ்சில் ஐந்து இடங்களில் பசை வில்லைகள் ஒட்டியிருந்தன. அவற்றிலிருந்து ஐந்து கம்பிகள் இறங்கி, இடுப்பில் கட்டியிருந்த சிறிய பெட்டிக்குள் போயின. பெட்டிக்குப் பக்கத்தில் அரைஞாண் கயிற்றில் ஒரு பெரிய இரும்புச் சாவி தொங்கியது. அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் அது பெட்டியில் இடித்தது. இருபுறமும் கரிசல் காடு மழைக்குக் காத்து வெடித்துக் கிடந்தது. சாலை பசுவந்தனைப் பக்கமிருந்து கோவில்பட்டிக்குப் போவது. நானும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தேன். போய் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. பதினொரு வயதில் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகும் பல ஊர்களுக்கு அப்படித்தான் போயிருக்கிறேன்.

காலையில் வகுப்பில் நுழைந்ததும் பையன்கள் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டார்கள். "ஏலே, பாம் கட்டிட்டு வந்திருக்காம்லே. தள்ளி உக்காருங்க" என்றான் ஒருவன். வாத்தியாருக்கும் சிரிப்பு வந்தது. "அது என்னன்னு தெரியுத வரைக்கும் வெளிய நில்லுடே" என்றார். வெளியே நின்றேன். வெளியே நிற்கிறவனுக்கு நடந்துவிடுவது ஒன்றும் பெரிய காரியமில்லை.

பெட்டியைக் கட்டிவிட்டது அக்கா. கூடப் பிறந்தவள் அல்ல, பெரியம்மா மகள். சென்னையில் டாக்டருக்குப் படித்து, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பு தாளம் தவறுவதைப் பற்றிய ஆராய்ச்சியில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். பத்து நாள் விடுப்பில், இரவல் வாங்கிய ஒரே ஒரு பெட்டியோடு வந்திருந்தாள். அம்மா வழியில் எங்கள் குடும்பத்து ஆட்கள் ஒவ்வொருவரும் ஒரு பகலும் ஓர் இரவும் அதைக் கட்டியிருக்க வேண்டும். நெஞ்சின் ஒவ்வொரு துடிப்பையும் அது பதிந்துகொள்ளும். கூடவே ஒரு தாள் தருவாள். எத்தனை மணிக்கு என்ன செய்தோம் என்று அதில் எழுத வேண்டும்.

அக்காவுக்கு ஒரு தம்பி இருந்தான். நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டான். ஒரு தீபாவளிக் காலையில் அவனுக்குப் பின்னால் யாரோ வைத்த வெடி வெடித்தது. அந்தச் சத்தத்தில் விழுந்தான். அதற்கு முன்பும் இரண்டு முறை அப்படி விழுந்து எழுந்திருக்கிறான், வலிப்பு என்று எல்லாரும் முடிவு செய்திருந்தார்கள். வலிப்பு வந்தால் எங்கள் பக்கத்தில் கையில் இரும்பைக் கொடுப்பார்கள். அன்றும் பருத்தி அறைச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. சாவி பயன்படவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. சாவி வந்து சேரத் தாமதமாகிவிட்டது என்றுதான் சொன்னார்கள். இனித் தாமதமே ஆகக்கூடாது என்று, அதன்பிறகு குடும்பத்தில் பிறந்த எல்லாப் பிள்ளைகளின் அரைஞாணிலும் ஒரு சாவியைக் கோத்துவிட்டார்கள்.

எனக்கு வந்தது அதே பருத்தி அறைச் சாவி. பெரியம்மா தினமும் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்து, என் சட்டையைத் தூக்கி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவாள். அந்த நேரத்தில் அவள் என் முகத்தைப் பார்த்ததில்லை.

தம்பி இறந்தபோது அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். அவன் விரல்களைப் பிரித்துச் சாவியை எடுத்தவள் அவள்தான். இது வலிப்பே இல்லை, சத்தத்தில் நெஞ்சின் மின்சார ஓட்டம் தடுமாறுகிறது, இது குடும்பத்தில் ஓடுகிற கோளாறு என்று படித்து முடித்தபின் சொன்னாள். அவளுடைய பெரிய டாக்டர் அதை ஏற்கவில்லை. பதிவு எதுவும் இல்லாத ஒரு சாவை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி நடத்த முடியாது என்றார். இந்தப் பத்து நாளில் ஒரு பதிவாவது கிடைக்காவிட்டால் அவள் வேறு விஷயம் எடுத்துக்கொள்ள வேண்டும். இதை மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது நானும் கேட்டேன்.

ஆனால் எங்கள் ஆட்கள் அந்தப் பெட்டியைப் பரீட்சை வைக்க வந்த அதிகாரியைப் போல நடத்தினார்கள். மாமா தன் முறை வந்த அன்று விடிந்ததிலிருந்து கட்டிலை விட்டு இறங்கவில்லை.

"மாமா, தெனமும் செய்யுதத செய்யுங்கன்னு சொன்னேன்லா" என்றாள் அக்கா.

"அதத்தான தாயி செய்யுதேன்" என்றார் மாமா.

அத்தை உள்ளிருந்து, "இவிய சொல்லுதது நெசந்தான், தெனமும் இப்படித்தான். இவிய ஒண்ணும் நடிக்கல" என்றாள்.

என் முறை வந்தபோது, இரும்பு பக்கத்தில் இருக்கக்கூடாது என்று அக்கா சாவியை அவிழ்க்கச் சொன்னாள். அவிழ்த்தேன். அவள் தலை மறைந்ததும் அம்மா மறுபடி கட்டிவிட்டாள். "பெட்டி ஒருநாள் இருக்கும், போயிரும். நீ இருக்கணும்லா" என்றாள்.

அந்தச் சாவிதான் சாலையில் என் இடுப்பை இடித்துக்கொண்டிருந்தது. ஓர் உடைமரத்தடியில் நின்று, கயிற்றிலிருந்து கழற்றி, கைக்கு எட்டிய ஒரு முள்கிளையில் மாட்டினேன். திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேனா, இனி வேண்டாம் என்று நினைத்தேனா என்பது இன்றைக்கும் எனக்கு உறுதியாகத் தெரியாது. இடுப்பு லேசானது. வேகமாக நடந்தேன்.

ஓடைப் பாலத்தின் மேல் போகும்போது பின்னாலிருந்து மினிபஸ் ஹாரன் அடித்தது. சாதாரண ஹாரன் அல்ல, காதுக்குள் கம்பியை விட்டது போன்ற காற்று ஹாரன். நெஞ்சுக்குள் ஒரு கோழி சிறகை அடித்துக்கொண்டது. அதற்கு அடுத்து எனக்குத் தெரிந்தது என் வாயில் கரிசல் மண் இருந்ததுதான். சாலையோரச் சரிவில் கவிழ்ந்து கிடந்தேன். பஸ் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. கல் தடுக்கியிருக்கும் என்று எண்ணி மண்ணைத் துப்பினேன். பசித்தது. கோவில்பட்டியை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டிப்பாதையில் இறங்கி, வழியில் வந்த டிராக்டரில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சாவி நினைவு வந்தது. டிரங்குப் பெட்டியில் கிடந்த பழைய சாவிகளில் ஏறக்குறைய அதே அளவில் ஒன்றை எடுத்துக் கயிற்றில் கோத்துக்கொண்டேன். அக்காவின் தாளில் காலை முதல் மாலை வரைக்கும் நேராக ஒரு கோடு இழுத்து, 'வகுப்பில் இருந்தேன்' என்று எழுதினேன். மறுநாள் காலையில் பெரியம்மா வந்து தொட்டுப் பார்த்தாள். துணிக்கு மேலாகத் தொட்டதால் தப்பித்தேன்.

அன்று மதியம் அக்கா வீட்டு முற்றத்து நிழலில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு என் துடிப்புகளைப் பார்த்தாள். எறும்புச் சாரைபோலக் கோடுகள் ஓடின. திடீரென்று நிறுத்தினாள். அந்த இடத்தில் சாரை கலைந்து, கோடு முறுக்கிய கயிறுபோலப் பெருத்துச் சிறுத்துக் கிடந்தது. விரலை வைத்து எண்ணினாள். பதினான்கு வினாடி. அவள் கழுத்து வேர்த்திருந்தது. பெரிய டாக்டருக்கு போன் செய்தாள். பாதி ஆங்கிலத்தில் பேசினாள், நடுவில் போனைக் கையால் மூடிக்கொண்டு அம்மாவிடம் கேட்டாள்.

"சித்தி, இவன் இடுப்புல இரும்பு ஏதும் இருந்துச்சா?"

"இரும்பு இல்லாம விடுவனாட்டி? சாவியக் கட்டித்தான் அனுப்புனேன்" என்றாள் அம்மா, பெருமையாக.

அக்கா அதை அப்படியே போனில் சொன்னாள். அந்தப் பக்கம் சிரிப்பது எனக்கே கேட்டது. சாவி கம்பியில் இடித்ததால் விழுந்த கோடு அது, இதயத்தின் வேலை அல்ல, பையன் நன்றாக இருக்கிறான், நீ கிளம்பி வா. அவ்வளவுதான்.

போனை வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். "ஏலே, நேத்து சாவி இடுப்புலயே இருந்துச்சா? பதினொன்னே கால் மணிக்கு?"

பெரியம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் மகன் கையில் கடைசியாக இருந்த பொருளை முள்மரத்தில் மாட்டிவிட்டு வந்தேன் என்று எப்படிச் சொல்வது? "இருந்துச்சு" என்றேன்.

வேறு யாராக இருந்தாலும் அதோடு மூட்டை கட்டியிருப்பார்கள். அக்கா பெட்டியை மறுபடி என் மேல் கட்டினாள். சாவியோடு குதிக்கச் சொன்னாள், குனியச் சொன்னாள், சாவியைப் பிடித்துப் பெட்டியில் அவளே தட்டினாள். கணினியில் சின்னச் சின்னக் கீறல்கள் விழுந்தனவே தவிர அந்த முறுக்குக் கயிறு வரவில்லை. இன்னும் பலமாகத் தட்ட வேண்டுமோ என்று சாவியைக் கயிறோடு இழுத்து உள்ளங்கையில் வைத்தவள், அப்படியே நின்றுவிட்டாள். பெருவிரலால் அதன் பற்களைத் தடவிப் பார்த்தாள். ஒருமுறை, இன்னொருமுறை.

பெரியம்மாவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "வா, கடைக்குப் போயிட்டு வருவோம்" என்றாள்.

தெரு முனை தாண்டியதும், "எங்கன வச்ச?" என்று மட்டும் கேட்டாள். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் அழுதேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஹாரன், வாயில் மண், கல் தடுக்கியது எல்லாம்.

வெயில் தாழ்ந்திருந்தது. இரண்டு பேரும் சாலையிலேயே நடந்தோம். சாவி மாட்டிய இடத்திலேயே தொங்கியது. அதில் ஓர் ஆட்டு மயிர் ஒட்டியிருந்தது. அக்கா உடனே எடுக்கவில்லை. "இங்கன மாட்டுன. பெறகு எங்கன விழுந்த?" என்றாள். பாலத்தைக் காட்டினேன். மரத்திலிருந்து பாலம் வரை ஒவ்வோர் அடியாக எண்ணிக்கொண்டு நடந்தாள். சரிவில் நான் கிடந்த இடத்தில் மண் இன்னும் கலைந்திருந்தது.

"கல்லு எங்க?"

தேடிப் பார்த்தேன். கல் இல்லை.

"மினிபஸ் இங்கன எத்தன மணிக்கு வரும்?"

"பதினொன்னே காலுக்கு."

அவள் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து அழுதாள். சாவி கிடைத்ததற்கு அழுகிறாள் என்று நினைத்து, "அதான் கெடச்சிருச்சுல்லா அக்கா" என்றேன். அவள் என் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் எடுக்காமல் இருந்தாள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

அந்த இடத்திலிருந்தே பெரிய டாக்டருக்கு மறுபடி போன் செய்து, நான் விழுந்தபோது சாவி என் இடுப்பில் இல்லை, மரத்தில் தொங்கியது என்றாள். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

அந்தப் பதினான்கு வினாடியில்தான் அவளுடைய வேலை தொடங்கியது. இன்று அவளுக்குக் கீழே பலர் ஆராய்ச்சி செய்கிறார்கள். திடீர்ச் சத்தத்தில் மயங்கி விழுகிற பிள்ளைகளை வலிப்பு என்று எழுதி அனுப்பாதீர்கள், முதலில் நெஞ்சைப் பாருங்கள் என்று ஊர் ஊராகப் போய் டாக்டர்களிடம் சொல்கிறாள். அந்தக் கோட்டைத் திரையில் போட்டுக் காட்டுவாளாம். பெயர் இருக்காது, 'பதினொரு வயதுப் பையன், சாலையில் நடந்து போகும்போது' என்று மட்டும் இருக்கும். நான் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். உப்பளம், லாரி, கேரளாவில் ஓட்டல், மறுபடியும் லாரி என்று போய்க்கொண்டிருக்கிறேன். எந்த ஊரில் எந்தத் தகரக் கொட்டகையில் படுத்தாலும் மாத்திரை விட்டதில்லை. இடது தோள்பட்டைக்குக் கீழே தோலுக்குள் தீப்பெட்டி அளவில், துடிப்பு தாளம் தவறினால் மின்சாரம் பாய்ச்சுகிற ஒரு கருவி இருக்கிறது. இரண்டு முறை அது என்னை உதைத்து எழுப்பியிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் அதன்பிறகு யாரும் சத்தத்துக்குச் சாகவில்லை.

அன்று பாலத்திலிருந்து திரும்பும் வழியில் அக்கா உடைமரத்தில் இருந்து சாவியை எடுத்து, தன் கையாலேயே என் அரைஞாணில் கோத்தாள். சாவியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. "காலைல அம்மா வந்து தொட்டுப் பாப்பால்லா" என்றாள்.

மறுநாள் காலையில் பெரியம்மா வந்து, தொட்டுப் பார்த்து, போனாள். அக்கா எனக்கு நெஞ்சுத் துடிப்புக்கான மாத்திரையில் பாதியைக் கொடுத்து முழுங்க வைத்தாள். விடுப்பை நீட்டித்துக்கொண்டதாகவும், எட்டயபுரம் பக்கத்து ஊர்களில் இருக்கிற அம்மா வழிச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் பெட்டி கட்டப் போவதாகவும் சொன்னாள். வீடு காட்ட ஒரு ஆள் வேண்டும், பள்ளிக்கூடத்தில் அவள் பேசிக்கொள்வாள், தினமும் சம்பளம்.

"ஓடக்கூடாது. எனக்கு முன்னால நடக்கணும். நான் பாக்குத தூரத்துலயே நடக்கணும். சரியாலே?"

எனக்குத்தான் வழி தெரியும், அதனால்தான் முன்னால் போகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பெட்டியைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு பெருமையாக முன்னால் நடந்தேன்.