எங்கள் வீட்டுக்குக் கிடைத்த டொக்டர்

நாங்கள் வட்டக்கச்சியில் மீளக் குடியேறிய காலத்தில் மருத்துவபீடத்து மாணவர்களை எங்கள் ஊருக்கு அனுப்புவார்கள். ஒருவருக்கு ஒரு வீடு. அந்த வீட்டாரின் உடல்நலத்தை இடைக்கிடை வந்து பார்த்து, தங்கள் ஆசிரியர்களிடம் சொல்லவேண்டும். எங்கள் வீட்டுக்கு ஓர் அக்கா வந்தார். நாங்கள் எதைச் சொன்னாலும் சிரிப்பார்.

அம்மாவுக்கு அந்த மருத்துவபீடத்தின் மீது பெரிய மரியாதை. சண்டைக் காலத்தில் மின்சாரம் இல்லாமல், போதிய ஆசிரியர்கள் இல்லாமல், விளக்கு வெளிச்சத்தில் படிப்பித்து டொக்டர்மாரை உருவாக்கிய இடம் அது. இடம்பெயர்ந்து மரத்தடியில் கிடந்தபோது அங்கே படித்த ஒருவர்தான் அம்மாவுக்குப் பிரசவம் பார்த்தாராம். அப்படிப் பிறந்தவள் நான். அதனால் அக்காவைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்.

அந்த மரியாதைதான் வினையாகப் பார்த்தது. வீட்டில் யாருக்காவது சுகமில்லை என்றால் அக்காவுக்குப் படிப்பில் புள்ளி குறையும் என்று அம்மா எப்படியோ முடிவு கட்டிவிட்டார். அப்பா காய்ச்சலில் கிடந்தபோது அக்கா வர, அம்மா அப்பாவைப் பின்வளவுக் கொட்டிலில் படுக்கவிட்டு, அவர் வயலுக்குப் போய்விட்டார் என்றார். எனக்கும் தம்பிக்கும் கோயிலுக்குப் போடும் சட்டை. அக்காவுக்குக் கோழிக்கறியும் சோறும்.

சாப்பிட்டு முடித்த அக்கா கை கழுவக் கிணற்றடிக்குப் போனார். கொட்டிலுக்குள் முனகல் கேட்டது. உள்ளே போய்ப் பார்த்தால், அப்பாவின் கண்கள் சிவந்திருந்தன. அக்கா கெண்டைக்காலை மெல்ல அழுத்தியதும் அப்பா துடித்துப்போனார்.

"அம்மா, இது எலிக்காய்ச்சல் மாதிரிக் கிடக்கு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவம். பிந்தினால் கிட்னி பழுதாப்போயிடும்."

"உங்களுக்குப் புள்ளி குறையுமெண்டுதான் பிள்ளை சொல்லேல்லை," என்று அம்மா அழுதார்.

அக்கா ஓடிப்போய் ஓட்டோவைக் கூட்டிவந்தார். ஓட்டோவில் அப்பாவைத் தாங்கிப் பிடித்தபடி கிளிநொச்சி ஆஸ்பத்திரி வரை வந்தார்.

சில நாட்களில் அப்பா எழுந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரிச் சோற்றில் உப்பில்லை என்று குறை சொன்னார். எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இனிப் பயமில்லை என்று வார்ட்டு டொக்டரும் சொல்ல, அம்மா கண்ணில் பட்டவர்களையெல்லாம் கும்பிட்டார். அக்கா மட்டும் வெளி விறாந்தையில் சுவரோடு நின்று தேம்பிக்கொண்டிருந்தார்.

நான் கிட்டப் போய், நிறையப் புள்ளி குறைத்துவிட்டார்களோ என்று கேட்டேன். அவர் என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, "ஓம்" என்றார்.

எனக்குப் பாவமாக இருந்தது. டொக்டர்மாருக்கும் பயம் வரும் என்பதும், ஆபத்து நீங்கிய பிறகுதான் அது அழுகையாக வெளியே வரும் என்பதும் அந்த வயதில் எனக்குத் தெரியாது.