கால் விழாத படங்கள்

என் தங்கை அன்புக்கரசியைக் கட்டிய கருப்பணனுக்குத் திண்டுக்கல்லில் பேட்டரிக் கடை வேலை. பைத்தியம் மட்டும் கேமராமேல். கல்யாணம் காதுகுத்துக்குப் போய்ச் சம்பாதிக்கிற ஆள் இல்லை. டீ மாஸ்டர், பஸ்ஸில் தூங்கி விழுகிறவர், பூ மார்க்கெட்டில் மல்லுக்கு நிற்கிறவர் என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் எடுத்துத் தள்ளுவார். இருந்தது ஒரே லென்ஸ், ஐம்பது எம்.எம். விலையிலும் அதுதான் மலிவு. ஜூம் கிடையாது; பெரிதாக வேண்டுமென்றால் கிட்டே போகணும், முழுசாக வேண்டுமென்றால் பின்னால் நகரணும்.

"அப்ப லென்சுக்கும் சேத்து நீங்கதான் நடக்கணுமா மாப்ள?" என்று கேலி செய்வேன்.

"மூஞ்சி எம்புட்டு நல்லா வருதுன்னு பாருங்க மச்சான்."

வரத்தான் செய்தது. முகம் பளிச்சென்று நிற்கும். பின்னால் இருக்கிற அழுக்குச் சுவர் கரைந்து காணாமல் போகும்.

சின்னாளப்பட்டியில் அவர்கள் இருந்தது லைன் வீடு. ஒரு அறை, ஒரு அடுப்படி. முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு எடுத்தாலும் அந்த லென்சில் இடுப்புக்கு மேலேதான் வரும்.

"ஏங்க, கால் விழுந்துச்சா?" என்பாள் அன்பு.

"அதுக்குச் சுவத்த இடிக்கணும்டி."

வெளியே வந்து நில் என்றால், தெருவே பார்க்கும் என்று வரமாட்டாள்.

போன ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்கு யார்மேல் என்று தெரியாமல் கோபம் வருகிறது. கருப்பணன் அழவில்லை. எடுத்த படங்களைப் பிரிண்ட் போட்டு நாலு சுவரிலும் மாட்டினார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அன்பு. சோறு வடிக்கிறாள், தலை துவட்டுகிறாள், நம்மையே பார்க்கிறாள். கூடப்பிறந்த எனக்கே அங்கே உட்காரப் பயமாக இருந்தது.

அவர்களுடைய ஒரே மகள் தமிழ்மதி ஒன்றாம் வகுப்பு. பேய்க்குக் கால் இருக்காது என்று பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளையோ சொல்லியிருக்கிறது. அன்று வந்தவள் பையைக்கூட இறக்காமல் ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். பிறகு வாசலுக்கு ஓடிப்போய்க் கத்தினாள்.

"எந்தப் போட்டோலயும் அம்மாவுக்குக் காலே இல்லப்பா!"

அதன்பின் அந்த வீட்டுக்குள் அவள் போகவில்லை. என் வீட்டிலேயே தங்கிவிட்டாள். படங்களைக் கழற்றி வையுங்கள் என்றேன். "அவள எங்க மச்சான் கொண்டுபோயி வைக்க?" என்றார். காலோடு ஒரு படம் கிடைத்தால் பிள்ளை திரும்பி வந்துவிடும் என்று தேட ஆரம்பித்தார். போனில் இருந்ததெல்லாம் செல்பி. கல்யாண ஆல்பத்தில் பட்டுப்புடவை தரையைக் கூட்டுகிறது. மெட்டி போடும் படத்தில் காலை மறைத்துக்கொண்டு ஓர் அகல முதுகு. அது என்னுடையது.

"ஸ்டூடியோல குடுத்தா வேற யாரு காலையாச்சும் ஒட்டிக் குடுப்பாங்க மாப்ள."

"யாரு கால ஒட்டச் சொல்றீங்க?" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு என் வீட்டுக்கு ஓடிவந்தார். தமிழ்மதி தவழ்கிற வயதில், கேமராவைத் தரையில் வைத்து எடுத்த படம். குழந்தையின் கண் மட்டும் தெளிவு. தூரத்தில் அடுப்படி வாசலில், சேலைக் கரைக்குக் கீழே, மங்கலாக இரண்டு பாதங்கள்.

"பாருடா, அம்மா காலு!"

தமிழ்மதி திரையோடு மூக்கை ஒட்டிப் பார்த்தாள். தொட்டுத் தடவினாள். முகம் தெளிந்தது. எனக்கும் அப்பாடா என்று இருந்தது. அப்போதுதான் கேட்டாள்.

"அம்மா வருதா, போகுதாப்பா?"

நானும் குனிந்து பார்த்தேன். எது விரல், எது குதிகால் என்றே தெரியவில்லை. கருப்பணன் படத்தைப் பெரிதாக்கினார்; இன்னும் மங்கியது.

"வருதுடா," என்றார். "அம்மா வருது."

தமிழ்மதி அன்றே அப்பாவோடு வீட்டுக்குப் போய்விட்டாள். பயமெல்லாம் போய்விட்டது. பொழுது சாய்ந்து கதவைச் சாத்தினால் மட்டும், அம்மா எப்படி உள்ளே வரும் என்று அழுகிறாளாம்.

போன வாரம் ஒரு ராத்திரி அங்கே போயிருந்தேன். வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது.

"சாத்துங்க மாப்ள, கொசு அப்புது."

"செத்த நேரம் இருக்கட்டும் மச்சான்," என்றார், தெருவைப் பார்த்தபடியே.

தமிழ்மதி எப்போதோ தூங்கிவிட்டிருந்தாள்.