மாயெஸ்த்ரோவுக்கு நான் சொல்லிக்கொடுத்த சாவு

முதன்முதலாக நான் அவரைப் பார்த்தபோது அவர் செத்துக் கிடந்தார். இத்தாலியில், பலெர்மோவை ஒட்டிய மொண்டெல்லோவில், கடற்கரைக்கு இரண்டு தெரு பின்னால் இருந்த வீடு. வேலைக்குப் போன முதல் நாள் காலை, வரவேற்பறைத் தரையில் ஒரு கிழவர் மல்லாந்து கிடந்தார். வாய் கோணியிருந்தது. ஒரு கை மார்பைப் பிடித்திருந்தது. நான் "யேசுவே" என்று கத்திவிட்டேன். வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, கோப்பித் தட்டோடு வந்து, கால்மிதியைத் தாண்டுவதுபோல அவரைத் தாண்டிப் போய் மேசையில் தட்டை வைத்தார். "பயப்படாதே, என் புருஷன் தினமும் காலையில் இப்படித்தான் சாவார்" என்றார். கிழவர் ஒரு கண்ணைத் திறந்து, நான் கத்தியது போதாது என்பதுபோல என்னைப் பார்த்தார்.

வயதானவர்களைப் பார்க்கிற வேலையில் பலெர்மோவில் எனக்குப் பல வருடப் பழக்கம். மூத்திரம் போனதை மறைப்பவர்கள், மாத்திரையைப் பூச்சாடிக்குள் போடுபவர்கள் எல்லோரையும் பார்த்தாயிற்று. சாவைப் பயிற்சி செய்கிறவரை இந்த வீட்டில்தான் கண்டேன். எல்லோரும் அவரை மாயெஸ்த்ரோ, ஆசான், என்றுதான் அழைத்தார்கள். ஜப்பானிய சினிமா நடிகர்; அங்கே அவர் முகம் தெரியாத வீடே ஒரு காலத்தில் இருக்கவில்லையாம்.

மீன்பிடி ஊர் ஒன்றில், முடிவெட்டுகிறவரின் மகனாகப் பிறந்தவர். படப்பிடிப்பை வேடிக்கை பார்க்கப் போன இடத்தில், பிணமாகக் கிடக்க ஆள் குறைகிறது என்று சேற்றில் படுக்கவைத்தார்களாம். இமையில் ஈ வந்து இருந்தும் அசையவில்லை. அது இயக்குநரின் கண்ணில் பட்டது. அந்தப் பிணம் அடுத்தடுத்த படங்களில் எழுந்து, வாள் பிடித்து, வசனம் பேசி, நாடறிந்த கதாநாயகன் ஆகிவிட்டது. ஆனாலும் சனம் வந்தது அவர் சாவதைப் பார்க்கத்தான். வாளால், நஞ்சால், பனியில், காதலியின் மடியில் என்று அவர் சாகாத விதம் இல்லை. ஒரு படத்துக்காகச் சிசிலிக்கு வந்தபோது, உடுப்புத் தைக்கும் பெண்ணாக இருந்த சிஞ்ஞோராவைக் கண்டார். வயதான பிறகு இருவரும் இங்கேயே தங்கிவிட்டார்கள். பிறகு வசனம் மறக்கத் தொடங்கியது. அதோடு வேடங்கள் நின்றன. சுற்றுலா வந்த ஜப்பானியர்கள் சிலர் வாசல் கேற்றடியில் நின்று குனிந்து வணங்குவார்கள். இவர் தொப்பி போட்டுக்கொண்டு போய்த் திருப்பி வணங்குவார். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் அவர்களும் வராமல் போனார்கள். அவர் மட்டும் தொப்பியோடு கேற்றடிக்குப் போய் நின்றுவிட்டு வருவார்.

அப்போதுதான் கடிதம் வந்தது. முன்பு அவரோடு உதவியாளராக இருந்தவர் இப்போது பெரிய இயக்குநர். அவர் எடுக்கப்போகும் படத்தில் வசனமே இல்லாத ஒரு வேடம்: வேற்று நாட்டு வீடொன்றில் செத்துப்போகும் கிழவர். இந்த வீட்டுக்கே வந்து மூன்று நாளில் எடுத்துக்கொண்டு போவதாக எழுதியிருந்தார். மாயெஸ்த்ரோ கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். தன்னை இன்னும் ஒருவன் நினைத்திருக்கிறான், இதைக் கெடுத்துவிட்டால் தான் இவ்வளவு காலம் செய்தது எல்லாம் வீண் என்றார்.

அன்றிலிருந்து தன் பழைய படங்களைக் கணினியில் போட்டுப் பார்க்கத் தொடங்கினார். நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பனியில் விழுந்து கிடந்தவர், குத்துப்பட்ட பிறகும் ஒரு நீண்ட வசனம் பேசி, நிலாவைப் பார்த்து, கண்ணை மூடினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"ஏன் சிரிக்கிறாய்?" என்றார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஓட்டை இத்தாலியன்தான்.

"மாயெஸ்த்ரோ, ஒருவரும் இப்படிச் சாவதில்லை."

கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கணினியை மூடிவிட்டு என் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "நீ பார்த்திருக்கிறாய்" என்றார்.

ஓம், பார்த்திருக்கிறேன். சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, கடைசியில் தறப்பாள் கொட்டிலுக்குள் கிடந்த நாட்களில், செல் குண்டின் துண்டு வயிற்றில் பட்டு அப்பா என் கண் முன்னால் செத்தார். ஒரு பகல் முழுக்க எடுத்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம்கூடச் சொன்னதில்லை. இந்த ஜப்பான்காரருக்குச் சொன்னேன். கண் மூடாது, பாதி திறந்தே இருக்கும் என்றேன். மூச்சு நின்று நின்று வரும், அடுத்தது வராது என்று நினைக்கும்போது வரும். பெரிய வார்த்தை ஒன்றும் இராது. அப்பா கடைசியாகக் கேட்டது ஆட்டைக் கட்டியாச்சோ என்றுதான். ஆட்டை ஊரில் விட்டுவிட்டு வந்து அப்போது ஆறு மாதம். முகத்தில் வேதனைகூட இருக்கவில்லை. எதையோ எங்கோ வைத்துவிட்டு, வைத்த இடம் நினைவு வராத ஆளின் எரிச்சல்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனுசன் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டார்.

"உனக்கென்ன விசரே? மாமா செத்ததை அந்தாளுக்கு நடிக்கிறதுக்கோ சொல்லிக் குடுக்கிறாய்?"

"அவர் ஆசையாக் கேக்கிறார். நான் சொல்லுறன். அதிலை என்ன குறையப்போகுது?"

"குறையும். பாத்துக்கொண்டிரு" என்றார். அவருக்கு எல்லாவற்றிலும் ஒரு பயம் என்று நான் விட்டுவிட்டேன்.

ஒத்திகைக்கு மாயெஸ்த்ரோ ஒரு சட்டம் வைத்திருந்தார். தொடங்கிவிட்டால் தொடக் கூடாது, கூப்பிடக் கூடாது. அவராகக் கண் திறந்து "எப்படி?" என்று கேட்கும்வரை நான் வாய் திறக்கக் கூடாது. ஒருநாள் மூச்சு நெடுநேரம் நின்றுவிட்டது என்று பதறித் தோளைப் பிடித்து உலுப்பினேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. நான் வைத்த சூப்பையும் தொடவில்லை. அதன் பிறகு நானும் பழகிக்கொண்டேன். முடிந்ததும் பிழை சொல்வேன்: கை அதிகம் ஆடுகிறது, வாய் அழகாக இருக்கிறது, அழகு வேண்டாம். அவர் பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் தலையாட்டுவார். பெரிய நடிகரைத் திருத்துகிறேன் என்று எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. அதை மறைத்து என்ன பயன்?

படக்குழு வருவதற்கு நான்கு நாள் இருந்தது. வியாழக்கிழமை. வியாழன் என்றால் சிஞ்ஞோரா பகேரியாவுக்கு ரயிலேறித் தமக்கையைப் பார்க்கப் போய்விடுவார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாயெஸ்த்ரோ சாய்வு நாற்காலியில் இருந்தபடியே தொடங்கினார். நான் எதிரில் இருந்து கறிக்குப் போஞ்சிக்காய் உடைத்துக்கொண்டிருந்தேன். வழக்கமாகத் தொடங்குமுன் கைவிரலை ஒருமுறை உயர்த்துவார். அன்று உயர்த்தியதை நான் காணவில்லை. போஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மூச்சு நின்று வந்தது. கண் பாதி திறந்திருந்தது. முகத்தில் அந்த எரிச்சல், வைத்த இடம் மறந்த எரிச்சல், அப்படியே வந்தது. போஞ்சியை வைத்துவிட்டுப் பார்த்தேன். அவருடைய இடதுகைப் பெருவிரல், இடுப்பில் கட்டிய சாரத்தின் ஓரத்தைத் தடவுவதுபோலக் காற்சட்டைத் துணியைத் தடவியது. அப்பா செய்தது அதுதான். அதை நான் மாயெஸ்த்ரோவுக்குச் சொல்லியிருக்கவில்லை. அந்த இடத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நான் சொல்லாததைக்கூடப் பிடித்துவிட்டாரே என்று பெருமையில் எனக்கு அழுகை வந்தது. தொலைபேசி மேசையில் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்படி?" என்று அவர் கேட்பதற்காகக் காத்திருந்தேன். பிழையே இல்லை என்று சொல்ல இத்தாலியனில் நல்ல வார்த்தையாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

சிஞ்ஞோரா கதவைத் திறந்துகொண்டு வரும்வரை அப்படியே இருந்தேன்.

வந்த வைத்தியர் இதயம் என்றார். மூச்சு மாறத் தொடங்கியதும் அழைத்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று, காகிதத்தை நிரப்பிக்கொண்டே, யாரையும் பாராமல் சொன்னார். நித்திரையில் போயிருப்பார், இவளுக்கு எப்படித் தெரியும் என்றார் சிஞ்ஞோரா. கூட இருந்தாயா என்று என்னைக் கேட்டார். இருந்தேன் என்றேன். கஷ்டப்பட்டாரா? இல்லை என்றேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்து முத்தமிட்டார். அந்தக் கைகளில் போஞ்சி நார் ஒட்டியிருந்தது. அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திராது. இயக்குநர் படம் எடுக்க வரவேண்டிய நாளில் அடக்கத்துக்கு வந்தார். அவரும் என் முன்னால் இடுப்பு மடியக் குனிந்து நன்றி சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை திறக்கவில்லை.

போன மாதம் அப்பாவின் நினைவு நாள். ஒவ்வொரு வருடமும்போலத் தேவாலயத் தமிழ்ப் பூசையில் பெயர் கொடுத்திருந்தேன். அப்பாவின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. எல்லாம் இடம்பெயர்ந்த பாதையில் போயிற்று. என்னிடம் இருந்தது கொட்டிலுக்குள் பார்த்த அந்தக் கடைசி முகம் ஒன்றுதான். அதை நினைத்துத்தான் இத்தனை வருடமும் செபித்தேன். சுவாமி பெயரை வாசித்தபோது கண்ணை மூடினேன். மெல்லிய புருவத்தோடு, பாதி திறந்த கண்ணோடு மாயெஸ்த்ரோ வந்தார். தலையை உதறிவிட்டு மீண்டும் மூடினேன். மீண்டும் அவரே வந்தார். அப்பாவின் மூக்கு எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

பக்கத்தில் இருந்த மனுசன் என் கையைத் தொட்டார்.

"மாமாவை நினைச்சே அழுறாய்?"

"ஓம்" என்று சொன்னேன்.